பேசும்போது வரும் வாக்கியம் எழுதும்போது ஏன் உடைகிறது?

மலேசியாவில் சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 15 வயது, படிவம் 3 (ஒன்பதாம் ஆண்டுப் படிப்பு). தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவன். வாய் திறந்தால் கதை கதையாகச் சொல்கிறான். எழுதச் சொன்னால் அரைப் பக்கம் தாண்டுவதில்லை. அந்த அரைப் பக்கத்திலும் சொற்கள் குறைப்பட்டுக் கிடக்கின்றன, வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பள்ளியில் 'கவனக்குறைவு' என்கிறார்கள். உறவினர் ஒருவர், படிக்கவும் எழுதவும் சிரமம் தரும் 'டிஸ்லெக்சியா' என்றாராம். "அது எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரிகிற நோய்தானே? இவன் எழுத்தைத் திருப்பிப் போடுவதில்லையே" என்பது தாயின் குழப்பம். மகனின் தமிழ் நோட்டிலிருந்து சில வரிகளும் மலாய்க் கட்டுரையிலிருந்து சில சொற்களும் அனுப்பியிருக்கிறார்.

தங்கச்சி, நானும் உங்கள் பக்கத்து ஊர்க்காரன்தான். 2007இல் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயர் பெஸ்தாரி ஜெயா ஆன பிறகும், பழைய பெயரைச் சொல்லியே பஸ்ஸில் டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவன். தமிழ்ப்பள்ளியில் குறைநீக்கல் வகுப்பு நடத்தி ஓய்வு பெற்றவன். மருத்துவன் அல்லன். ஆகவே நான்கு வரியைப் பார்த்துவிட்டு உங்கள் மகனுக்கு இன்னதுதான் என்று முத்திரை குத்த மாட்டேன். ஆனால் அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கவனக்குறைவு என்று சொன்னவர் அவற்றைச் சரியாகப் படிக்கவில்லை என்று மட்டும் தயங்காமல் சொல்வேன்.

அவன் எழுதியது இது:

"காலயில நானும் அண்ணனும் தேட்டத்துக்கு பேனேன் அங்க அப்பா குலய வெட்டிகெண்டிருதார் நாங்க உதிரி பெறுக்கி சாக்கில பேட்டேம் மழ வந்தது ஒடி வந்தேம்"

(குலை என்பது செம்பனைக் குலை, உதிரி அதிலிருந்து உதிரும் பழம்.) முதலில் களையெடுப்போம். 'காலயில', 'அங்க', 'குலய', 'மழ' ஆகியவை அவனுடைய பிழைகள் அல்ல. நாம் பேசுகிற தமிழும் எழுதுகிற தமிழும் வேறு வேறாக இருப்பதால் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருமே விடுகிற பிழைகள். 'தோட்டத்துக்குப்' என்ற இடத்தில் ஒற்று விட்டதும் அப்படியே. வல்லினம் எங்கே மிகும் என்பதில் தடுமாறாத ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து. இவற்றையெல்லாம் சிவப்பு மையால் சுழித்துவிட்டால், உண்மையில் பார்க்க வேண்டியது அந்தச் சிவப்புக்குள் மூழ்கிப்போய்விடும்.

மிச்சத்தைப் பாருங்கள். தோ, போ, கொ, பொ, போ, டோ, தோ என ஏழு இடங்கள். ஏழிலும் 'ா' என்ற கால் கழன்று விழுந்திருக்கிறது. ஒன்றுகூடத் தப்பவில்லை. கவனக்குறைவு இவ்வளவு ஒழுங்காக வராது. ஒகர, ஓகார உயிர்மெய் எழுத்தின் அமைப்பைக் கொஞ்சம் யோசியுங்கள். வாய் முதலில் 'ப்' என்கிறது, பிறகு 'ஓ' என்கிறது. கையோ 'ஓ'வின் முன்பாதியான கொம்பை முதலில் போட்டு, பிறகு 'ப' எழுதி, கடைசியில் 'ஓ'வின் பின்பாதியான காலைப் போட வேண்டும். ஒலியின் வரிசை வேறு, கையின் வரிசை வேறு. மற்ற பிள்ளைகளுக்கு இரண்டாம் வகுப்பிலேயே இது கைப்பழக்கமாகிவிடும், யோசிக்கவே மாட்டார்கள். ஒலியையும் எழுத்தையும் பொருத்துவதில் சிரமப்படும் பிள்ளை 15 வயதிலும் ஒவ்வொரு தடவையும் யோசித்துத்தான் எழுதுகிறான். 'ப' எழுதி முடித்ததும் மனம் அடுத்த எழுத்துக்குத் தாவிவிடுகிறது. கால் அனாதையாகிறது.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. 'வந்தது' என்பதில் 'ந்' சரியாக இருக்கிறது. 'வெட்டிக்கொண்டிருந்தார்' என்பதில் அதே 'ந்' காணாமல் போயிருக்கிறது. அவனுக்கு 'ந்த' தெரியாது என்று சொல்ல முடியாது, தெரியும். நான்கு எழுத்துச் சொல்லில் தெரிகிறது, 11 எழுத்துச் சொல்லின் பின்பகுதியில் தெரியவில்லை. எழுத்து தெரியுமா என்பதல்ல இங்கே கேள்வி. சொல்லின் வால் வரைக்கும் பிடி தளராமல் போக முடிகிறதா என்பதுதான். என்னிடம் பிள்ளைகளின் நோட்டைக் கொண்டுவருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: சொல்லின் தலையைப் பார்க்காதீர்கள், வாலைப் பாருங்கள்.

இது என் சரக்கு மட்டும் அல்ல. டிஸ்லெக்சியா என்ற சொல்லை 1880களில் உருவாக்கியவர் ருடால்ப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர். பிறவியிலேயே இந்தச் சிரமம் உள்ள ஒரு பையனைப் பற்றி விவரமாக எழுதியவர் இங்கிலாந்தில் மருத்துவம் பார்த்த பிரிங்கிள் மோர்கன், 1896இல். அந்தப் பையனுக்கு வயது 14, பெயர் பெர்சி. தன் பெயரையே 'பிரெசி' என்று எழுதினான். ஒன்றுக்கு மேற்பட்ட முறை சுட்டிக்காட்டிய பிறகுதான் பிழை அவன் கண்ணில் பட்டது. நூலை முளையில் கவனமாகச் சுற்றுவதைப் பற்றி மோர்கன் அவனுக்கு ஒரு தொடரைச் சொல்லி எழுதவைத்தார். 'வைண்டிங்' என்ற சொல்லை அவன் 'வைண்டர்' என்று எழுதினான். சொல்லின் பகுதி தப்பித்துக்கொண்டது, விகுதி மாறிவிட்டது. 'சுற்றுதல்' என்பதைச் 'சுற்றுபவன்' என்று எழுதியது போல. அவனுடைய பள்ளி ஆசிரியர் சொன்னதாக மோர்கன் ஒன்றைக் குறித்திருக்கிறார்: பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான். உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரியும் ஏறக்குறைய அதுதான், தங்கச்சி.

தொடக்க காலத்தில் இதை ஆராய்ந்தவர்களில் கண் மருத்துவர்கள் பலர் இருந்ததால், இது கண்ணின் கோளாறு என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. 'எழுத்து தலைகீழாகத் தெரியும்' என்ற கதையும் அதோடு சேர்ந்துகொண்டது. எழுதக் கற்கும் சின்னப் பிள்ளைகள் எல்லோருமே கொஞ்ச காலம் எழுத்தைத் திருப்பி எழுதுகிறார்கள். டிஸ்லெக்சியாவின் அடையாளம் அது அல்ல. பெரும்பாலானவர்களிடம் வேர், பேச்சொலியைத் துண்டு துண்டாகப் பிரித்து, வரிசை கலையாமல் மனத்தில் பிடித்துவைத்து, எழுத்தோடு பொருத்தும் வேலையில் இருக்கிறது. அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை இது இருக்கக்கூடும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. குடும்பத்தில் ஓடும். எந்தப் படிவத்தையும் நிரப்பாமல் உங்களிடம் தள்ளிவிடுவார் என்று குலையும் வெட்டி லோரியும் ஓட்டும் உங்கள் கணவரைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். குறை சொல்வதற்காக அல்ல, அது ஒரு தடயம்.

இப்போது சொல்லாக்கத்துக்கு வருவோம். தமிழ்ச் சொல் ரயில்வண்டி மாதிரி. பகுதி என்ற இஞ்சினுக்குப் பின்னால் இடைநிலை, சாரியை, விகுதி, வேற்றுமை உருபு என்று பெட்டி பெட்டியாக மாட்டிக்கொண்டே போகும். மாட்டும் இடங்களில் எழுத்துகளும் உருமாறும். 'மரம்' என்பதோடு 'ஐ' சேர்ந்தால் 'மரமை' ஆகாது, 'மரத்தை' ஆகும். 'வீடு' 'வீட்டை' ஆகும், 'ஆறு' 'ஆற்றில்' ஆகும். பேசும்போது இவை தாமாக வருகின்றன. எழுதும்போது இந்த இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு படிக்கட்டு, ஒலியைப் பிரித்துப் பார்க்கச் சிரமப்படுகிறவனுக்கு இடறுகிற படிக்கட்டு. நான் பார்த்த பிள்ளைகளில் சிலர் 'வீட்டை' என்ற இடத்தில் 'வீடை' என்று எழுதினார்கள். இன்னும் சிலர் உருபையே விட்டுவிட்டு 'வீடு பார்த்தேன்' என்று முடித்துக்கொண்டார்கள். இந்த இரண்டாவது வகைக்குச் சிவப்பு மை விழாது, ஏனென்றால் பிழையில்லை. ஆனால் அங்கேதான் பிள்ளை பின்வாங்குகிறான். எழுத முடியாத சொல்லை விட்டு எழுத முடிந்த சொல்லுக்குப் போகிறான். வாயில் 'தத்தளித்தது' இருக்கும், தாளில் 'கஷ்டப்பட்டது' வரும். இப்படி ஒதுங்கி ஒதுங்கிப் போவதால் சொல்வளம் இல்லாதவன் போலத் தெரிகிறான். 15 வயதில் இது பெரிய அநியாயம், ஏனென்றால் அந்த வயதில்தான் பள்ளி சொல்வளத்துக்கு மதிப்பெண் போட ஆரம்பிக்கிறது.

மலாயில் நீங்கள் அனுப்பிய சொற்களிலும் இதே கதைதான், திசை மட்டும் வேறு. தமிழ் பின்னால் மாட்டுகிறது, மலாய் முன்னாலும் பின்னாலும் மாட்டுகிறது. 'துலிஸ்' (எழுது) என்ற வேர்ச்சொல்லோடு முன்னொட்டு சேர்ந்தால் 'மெனுலிஸ்', 'த' மறைந்துவிடும். 'புக்குல்' (அடி) 'மெமுக்குல்' ஆகும், 'ப' மறையும். 'சாப்பு' (பெருக்கு) 'மெஞாப்பு' ஆகும். ஆனால் மெல்லிய 'ப'வில் தொடங்கும் 'பெர்சிஹ்' (சுத்தம்) போன்ற சொற்களில் அந்த எழுத்து மறையாது, 'மெம்பெர்சிஹ்கான்' என்று நிற்கும். உங்கள் மகன் அதையும் மறைத்து 'மெமெர்சிஹ்கான்' என்று எழுதியிருக்கிறான். விதி தெரியாமல் அல்ல, விதியைத் தவறான 'ப'வில் பொருத்திவிட்டான். தமிழில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் ஒரே 'ப'தான். ரோமன் எழுத்தில் இரண்டு, அவையும் ஒன்றின் நிழல் போல மற்றொன்று. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தொடக்கத்தில் இங்கே ஒரு தடுக்கல் உண்டு, பிறகு தெளிந்துவிடும். படிவம் 3 வரை தெளியாமல் இருப்பதுதான் கவனிக்க வேண்டியது.

'பெகெர்ஜாஆன்' (வேலை) என்பதை அவன் 'பெர்கெஜாஆன்' என்று எழுதியதும் எனக்குப் பிடித்திருந்தது. பிழையைப் பிடித்திருந்தது என்கிறேனே என்று நினைக்காதீர்கள். 'பெர்' என்பதும் ஒரு முன்னொட்டு என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பேச்சு மலாயில் 'கெஜே' என்றுதான் காதில் விழுகிறது, அதுவும் தெரிந்திருக்கிறது. இரண்டு சரியான அறிவைச் சேர்த்து ஒரு தவறான சொல்லைக் கட்டியிருக்கிறான். ஆங்கிலத்தில் நிலைமை இன்னும் மோசமாக இருக்கும். அங்கே இறந்தகால விகுதி ஒன்றுதான், ஆனால் காதுக்கு ஒரு சொல்லில் 'ட்' என்று வல்லொலியாகவும், வேறொன்றில் மெல்லொலியாகவும், இன்னொன்றில் 'இட்' என்றும் கேட்கும். ஒலியை நம்பி எழுதுகிறவன் அங்கே நிச்சயம் விழுவான். அதை இப்போதைக்கு விடுவோம். மூன்று மொழியிலும் ஒரே நேரத்தில் போர் தொடுத்தால் மூன்றிலும் தோல்விதான்.

வாக்கியம் ஏன் உடைகிறது? எழுதும்போது மனம் ஒரே நேரத்தில் பல வேலை செய்கிறது. என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது, சொல்லை எப்படி எழுதுவது, எங்கே நிறுத்துவது. கையில் வைத்திருக்கும் தற்காலிக நினைவு சிறிய சட்டிதான். எழுத்துக்கூட்டலே அந்தச் சட்டியை நிரப்பிவிட்டால் வாக்கியத்துக்கு இடமில்லை. 2013இல் இங்கிலாந்தில் எம்மா சம்னரும் உடன் ஆய்வாளர்களும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் எழுதுவதைக் கருவி வைத்து அளந்தார்கள். பேனா நகரும் வேகத்தில் குறையில்லை. இடையிடையே நிறுத்தியதுதான் அதிகம். அந்த நிறுத்தங்களால்தான் எழுத்து மெதுவாகிறது. சொல்லுக்கு நடுவில் பேனா நிற்கும்போது வாக்கியத்தின் தொடக்கம் மனத்திலிருந்து நழுவுகிறது.

தமிழில் இது எப்படி விடியும் என்று பாருங்கள். நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அந்தக் கடைசிச் சொல்லின் வாலில்தான் எழுவாயின் திணை, பால், எண், இடம் எல்லாம் வந்து உட்கார வேண்டும். அதாவது முதலில் சொன்னதைக் கடைசி வரை தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது போல. "நானும் அண்ணனும் தோட்டத்துக்கு..." என்று தொடங்கியவன் 'தோட்டத்துக்கு' என்ற சொல்லோடு மல்லுக்கட்டி முடிக்கும்போது, அண்ணனை வழியில் விட்டுவிட்டு 'போனேன்' என்று தனியாகப் போய்ச் சேர்கிறான். அவனுக்கு இலக்கணம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வரியில் 'நாங்க' என்று தொடங்கி, கால் விழுந்த 'பேட்டேம்' என்று முடித்தபோது பன்மை சரியாகத்தான் வந்திருக்கிறது. அங்கே வழியில் இருந்தவை சின்னச் சொற்கள்.

முற்றுப்புள்ளி இல்லாமல் ஓடுவது இன்னொரு முகம். தமிழில் வினையெச்சம் என்ற அருமையான வசதி இருக்கிறது. 'எழுந்து, குளித்து, பசியாறி, பஸ் ஏறி, பள்ளிக்குப் போனேன்' என்று ஐந்து செயலை ஒரே வாக்கியத்தில் கோக்கலாம். ஆனால் கோக்கும்போது ஒவ்வொரு வினையையும் எச்சமாக மாற்ற வேண்டும். அந்த மாற்றம் மறுபடி சொல்லின் வாலில்தான் நடக்கிறது. அது கைகூடாத பிள்ளைக்கு இரண்டு வழிதான். ஒன்று, உங்கள் மகனைப் போல முற்றுகளை வரிசையாக நிறுத்தாமல் கொட்டுவது. இரண்டு, 'அப்புறம்', 'அப்புறம்' என்று ஒட்டுவது. வேறு சிலர் பயந்துபோய் மூன்று சொல்லுக்கு ஒரு புள்ளி வைத்து முடித்துக்கொள்வார்கள்: 'மழை வந்தது. நான் ஓடினேன். வீடு வந்தது.' பிழையே இருக்காது, உயிரும் இருக்காது.

பெயரெச்சத்தை இந்தப் பிள்ளைகள் கிட்டத்தட்ட தொடுவதே இல்லை என்பது என் அனுபவம். 'அப்பா வெட்டிய குலை' என்று எழுத வேண்டுமானால், குலை என்ற சொல் வருவதற்கு முன்பே அதைப் பற்றிய செய்தியைச் சொல்லி முடித்திருக்க வேண்டும். முன்திட்டம் வேண்டும். ஆகவே 'அப்பா குலை வெட்டினார். அந்த குலை பெரிசு' என்று இரண்டாக உடைப்பார்கள். அதே பையன் வீட்டு வாசலில் நண்பனிடம் "எங்கப்பா வெட்டுன குலை இவ்ளோ பெருசுடா" என்று கை விரித்துக் காட்டியிருப்பான். பெயரெச்சம் வாயில் குடியிருக்கிறது, தாளுக்கு வரத்தான் வழியில்லை.

இவ்வளவு நாள் தெரியாமல் இப்போது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். தெரியாமல் இல்லை, அவன் மறைத்து வந்திருக்கிறான். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவன், மலாய் போதாதவர்களுக்கான புகுமுக வகுப்பில் ஓராண்டு தங்காமல் நேராகப் படிவம் 1க்குப் போயிருக்கிறான் என்றால் சாமர்த்தியசாலிதான். கீழ் வகுப்புகளில் எழுதுவது நான்கு வரி. சொல்லைப் படம் போல மனப்பாடம் செய்து சமாளிக்கலாம். இடைநிலைப்பள்ளியில் வரலாறு, அறிவியல் எல்லாம் மலாய், விடைகள் எல்லாம் பத்தி பத்தியாக. படம் பிடித்து வைத்திருந்த சொற்கள் போதவில்லை. அதோடு வயதுக்குரிய வெட்கம். எழுத்துக்கூட்டல் தெரியக்கூடாது என்பதற்காகவே கோழி கிண்டியது போல எழுதும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். 'கையெழுத்து மோசம்' என்ற திட்டு, 'ஒன்றும் தெரியாது' என்ற திட்டை விட அவர்களுக்கு மேல். ஆறாம் ஆண்டின் யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இலும் படிவம் 3இன் பிடி3 தேர்வு 2022இலும் எடுக்கப்பட்டுவிட்டதால், அவனை வழியில் நிறுத்திக் கேட்கப் பெரிய தேர்வு எதுவும் வரவில்லை. படிவம் 5இல் பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் வரும். உங்களுக்கு இரண்டு ஆண்டு இருக்கிறது. குறைவல்ல.

செய்ய வேண்டியதைச் சொல்வதற்கு முன் செய்யக்கூடாத ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பையனை 'தோட்டம்' என்ற சொல்லை 50 தடவை எழுதச் சொன்னேன். முதல் ஆறும் சரி. ஏழாவதில் கால் விழுந்தது. அதற்குப் பிறகு அவன் பலகையைப் பார்க்கவில்லை, தனக்கு மேலிருந்த வரியைப் பார்த்தே எழுதினான். 44 தடவை 'தேட்டம்' என்று எழுதிப் பழகி, அந்தப் பிழையில் தேர்ச்சி பெற்று எழுந்தான். பழக்கிவிட்டவன் நான். கையை நோகவைத்ததுதான் மிச்சம். தாள்களை வெகு நாள் வைத்திருந்தேன்.

முதல் வேலை, யோசிப்பதையும் எழுதுவதையும் பிரிப்பது. கட்டுரையை முதலில் வாயால் சொல்லட்டும், கைத்தொலைபேசியில் பதிவு செய்யட்டும். பிறகு ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டு, நிறுத்தி, எழுதட்டும். குரல் எங்கே இறங்குகிறதோ அங்கே புள்ளி. 'முற்றுப்புள்ளி வை' என்று ஆயிரம் தடவை சொல்வதை விட, தன் குரல் இறங்குவதைத் தானே கேட்பது மேல். கற்றல் சிரமம் உள்ள மாணவர்கள் சொல்லி, பிறர் எழுதினால் கட்டுரை நீளமாகவும் தரமாகவும் வருகிறது என்பது ஆய்வுகளில் பலமுறை கண்டது. இதை ஏமாற்று என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவதாக, நம் வீட்டிலேயே ஒரு பழைய மருந்து இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. நன்னூல் சொல்லும் பகுபத உறுப்புகள் ஆறு: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்துபோகும் சமாசாரமாக அதை ஆக்கிவிட்டோம். பழைய நாட்காட்டி அட்டையை வெட்டுங்கள். ஒரு நிறத்தில் 'நட', 'பற', 'கட' என்று பகுதிகள். இன்னொரு நிறத்தில் 'ந்த்'. மூன்றாவது நிறத்தில் 'ஆன், ஆள், ஆர், ஏன், ஓம்'. இலக்கணப்படி 'நடந்தான்' என்பதில் த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இடைநிலை என்று பிரிக்க வேண்டும். பையனுக்கு அது வேண்டாம், 'ந்த்' ஒரே அட்டையாக இருக்கட்டும். புலவர்கள் மன்னிப்பார்கள். அட்டைகளை மாட்டி 'நடந்தோம்' என்று படிக்கட்டும், பிறகு எழுதட்டும். 11 எழுத்துச் சொல் அவனுக்கு 11 எழுத்தாக இல்லாமல் நான்கைந்து துண்டாகத் தெரியத் தொடங்க வேண்டும்: வெட்டி, கொண்டு, இரு, ந்த், ஆர். டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்குச் சொல்லின் பொருள்தரும் துண்டுகளைக் கற்பிப்பது பயன் தருகிறது என்பது ஆங்கிலத்தில் உறுதிப்பட்ட செய்தி. துண்டுகளாலேயே ஆன தமிழுக்கு அது இன்னும் பொருந்தும் என்பது என் கணிப்பு. மலாய்க்கும் அதே அட்டை விளையாட்டு நடக்கும்: மெ, மெம், மென், மெங், மெஞ் ஒரு நிறம், வேர்ச்சொல் ஒரு நிறம், 'கான்', 'ஆன்' ஒரு நிறம்.

வாக்கியத்துக்கு ஒரே ஒரு பயிற்சி சொல்கிறேன், பத்து சொன்னால் எதுவும் நடக்காது. இரண்டு குட்டி வாக்கியம் கொடுத்து ஒன்றாக்கச் சொல்லுங்கள். 'அப்பா குலை வெட்டினார்', 'குலை கீழே விழுந்தது' என்ற இரண்டும் 'அப்பா வெட்டிய குலை கீழே விழுந்தது' ஆகட்டும். ஒரு நாளைக்கு மூன்று போதும், வாயாலேயே முதல் வாரம். இளம்பருவத்தினரின் எழுத்தை எது உயர்த்துகிறது என்று ஸ்டீவ் கிரகாமும் டோலரஸ் பெரினும் 2007இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி பலன் தந்தது. இலக்கணத்தைத் தனிப்பாடமாக நடத்தியது தரவில்லை. எழுதி முடித்ததும் திருத்துவது பின்னாலிருந்து நடக்கட்டும்: கடைசி வினையில் விரல் வைத்து 'யார்?' என்று கேட்க வேண்டும். 'போனேன்', யார்? 'நானும் அண்ணனும்.' அவனே சிரித்துக்கொண்டு திருத்துவான். ஒரு கட்டுரையில் ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள். இந்த மாதம் கால், அடுத்த மாதம் புள்ளி.

தட்டச்சும் பழகட்டும். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களிலேயே தொடங்கிய முரசு அஞ்சலின் விசைமுறையில் தமிழை ஒலிப்படி தட்டலாம். மெய்யைத் தட்டி ஓகாரத்தைத் தட்டினால் கொம்பும் காலும் தாமாக இருபுறமும் வந்து நிற்கும். ஒலியின் வரிசையும் கையின் வரிசையும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. கால் விழும் பையனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? தேர்வுத்தாளில் கையால்தான் எழுத வேண்டும், அது உண்மை. இருந்தாலும் 'போ' என்பது முழுதாகத் திரையில் எழுவதை நூறு தடவை பார்த்த கண்ணுக்கு, தாளில் கால் இல்லாத 'பே' உறுத்தத் தொடங்கும்.

பரிசோதனைக்குப் போகும் முன் கண்ணும் காதும் பார்த்துவிடுங்கள், அரசாங்க கிளினிக்கிலேயே முடியும். சின்ன வயதில் காதில் சீழ் வந்ததா, நீண்ட நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்தானா என்பதும் கேட்பார்கள். பிறகு பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் பேசி, அரசாங்க மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கோலாலம்பூரில் மலேசிய டிஸ்லெக்சியா சங்கம் இருக்கிறது, அங்கேயும் வழி கேட்கலாம். எனக்குத் தெரிந்த பிள்ளைகளுக்கெல்லாம் சோதனை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் நடந்தது. ஆகவே தமிழ் நோட்டுகளையும் எடுத்துப் போங்கள். மலாய் வீட்டுமொழி அல்ல என்பதால் வரும் பிழை எது, எந்த மொழியிலும் வரும் பிழை எது என்று பிரித்துக் காட்ட அவை உதவும். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் சமூகநலத் துறையில் பதிவு செய்து ஓகேயூ அட்டை எடுக்க முடியும், கற்றல் சிரமம் அதில் ஒரு பிரிவு. 'பிள்ளைக்கு அட்டையா' என்று லயத்தில் நாலு பேர் பேசுவார்கள். எடுப்பதும் விடுவதும் உங்கள் முடிவு, ஆனால் மகனையும் கேட்டு முடிவு செய்யுங்கள், 15 வயது ஆகிவிட்டது. எஸ்பிஎம்மில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி மூலம் முன்கூட்டியே, மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 5 வரும் வரை காத்திருக்காதீர்கள். வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று யாராவது விற்க வந்தால் பணத்தைப் பையிலேயே வையுங்கள். அவை டிஸ்லெக்சியாவைத் தீர்ப்பதற்குச் சான்றில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இலேயே கூட்டாகச் சொல்லிவிட்டார்கள்.

படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு லோரியில் போகிறேன் என்று சொல்கிறானாம். இப்போது அதற்குப் பதில் சொல்லி வாதம் செய்ய வேண்டாம். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மழை நாளைப் பற்றிக் கேளுங்கள். உதிரியைப் பொறுக்கிச் சாக்கில் போட்டார்கள், மழை வந்தது, ஓடி வந்தார்கள் என்று எழுதியிருக்கிறான். சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களா, அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்களா, அப்பா என்ன சொன்னார் என்பதெல்லாம் தாளில் இல்லை. அவன் சொல்லும்போது தொலைபேசியில் பதிவை மட்டும் அழுத்திவிடுங்கள்.